ஏழாம் வரிசை

நாவலில் அந்த நாற்காலி
என்ன மரம் என்றுகூட எழுதியிருக்காது.
வீட்டுக்கு ஒன்று காலியாக இருக்கவேண்டும்,
அவ்வளவுதான் சட்டம்.
அரசு எப்போது வேண்டுமானாலும் வரும், உட்காரும்.
வந்ததாக எந்தப் பக்கத்திலும் இல்லை.
சாப்பாட்டு வேளையில் அதன் முன்னும் ஒரு தட்டு.
ஆறிப்போன சூப்பை யார் குடிப்பது என்பதை
புருஷனும் பெண்டாட்டியும்
பேசிக்கொள்ளாமல் இருப்பதுதான்
இருநூறு பக்கம்.

கௌனஸில்,
நேமுனஸ் ஆறு பாளம்பாளமாய் உறைந்துகிடந்த சனிக்கிழமை,
எங்கள் முப்பத்தெட்டு இருக்கைத் தியேட்டரில்
அதைப் படமாக்கிய மூன்றையும்
ஒரே இரவில் ஓட்டினேன்.
இடம் போதாமல்
சுவரில் சாய்ந்து நின்றார்கள் நாலைந்து பேர்.

முதல் படம் கறுப்பு வெள்ளை.
நாற்காலியைக் காட்டக்கூடாதென்று
மேலிடத்து உத்தரவு.
அது தெரிந்த துண்டையெல்லாம் வெட்டிவிட்டார்கள்.
வெட்டிய இடத்தில் படம் ஒருமுறை இருமும்,
பிறகு ஒன்றும் நடக்காததுபோல் நடக்கும்.
மிஞ்சியது இவ்வளவு:
அடுப்பிலிருந்து மேசைக்கு வரும்போதெல்லாம்
அந்த நடிகை
இடுப்பை ஓரங்குலம் ஒதுக்கிக்கொள்கிறாள்.
எதற்கென்று தெரியாது.
பந்தை உருட்டும் பையனும்
அதே இடத்தில் வளைந்து ஓடுகிறான்.

இரண்டாவது, விடுதலைக்கு மறுவருடம் எடுத்தது.
எல்லாருக்கும் தைரியம் வந்திருந்த காலம்.
நாற்காலிக்குத் தோலுறை, பித்தளை ஆணி,
அதில் வந்து உட்கார ஓர் ஆள்.
வியர்க்கிறான், சூப்பை உறிஞ்சுகிறான்,
பதினான்கு நிமிடம் பேசுகிறான்.
"எங்க வீட்டுவசதி ஆபீஸ் ஆள் மாதிரியே இருக்கான்"
என்றாள் காபி விற்கும் ஸ்கைஸ்தே.
அதோடு பயம் எழுந்து வெளியே போய்விட்டது.

மூன்றாவதற்குப் பணம் பஞ்சமில்லை.
வானத்திலிருந்து ஆயிரம் நாற்காலி விழுந்து எரிகிறது.
கடைசியில் அவள் உட்காருகிறாள், கேமரா சுற்றுகிறது,
வயலின்.
நானும் அழுதேன், மறைப்பானேன்,
வயலினுக்கு யாரும் அழுவார்கள்.
ஆனால் அதில் ஒரு காட்சி உண்டு:
குழந்தை அந்த நாற்காலிக்கடியில் போர்வை விரித்து
வீடு கட்டி விளையாடுகிறது.
நாவலில் இல்லை.
இருந்திருக்கலாம்.

முடிந்ததும் கோட்டு மாட்டிக்கொண்டே சண்டை.
டிராம் பணிமனை வைதோதஸ்
புத்தகத்தில் மூன்று நிறத்தில் காகிதம் செருகிக் கொண்டுவந்திருந்தார்,
எந்தப் படம் எந்த வரியைக் கொன்றதென்று.
"முதல் படத்தை எடுத்ததே கத்தரிதான்" என்றான் ஒருவன்.
எல்லாரும் சிரித்தார்கள்.
எனக்கு அது உண்மை என்று பட்டது.
கத்தரிக்கு நன்றி சொல்ல மட்டும்
நாக்கு எழவில்லை.

ஒரு மணிக்குமேல் விளக்கைப் போட்டுக் கூட்டினேன்.
சோளப்பொரி, ஈரக் காலடி, ஒற்றைக் கையுறை.
எல்லா இருக்கைக்கடியிலும் ஏதோ இருந்தது,
ஏழாம் வரிசை மூன்றாம் இருக்கை தவிர.
அங்கே தூசி கலையவே இல்லை.
ஐந்து மணி நேரம் நின்றவர்களுக்குக் கால் கடுத்திருக்கும்.
பக்கத்திலிருந்தவர்கள் கோட்டைக்கூட
மடியில்தான் வைத்திருந்தார்கள்.

அப்புறம்தான் நினைவு வந்தது.
போன மார்ச்சில் ஸ்பிரிங் கெட்டபோது
"உட்காராதீர்கள்" என்று எழுதி ஒட்டியது நான்.
ஏப்ரலில் சரிசெய்தாயிற்று.
காகிதம் எப்போதோ விழுந்துவிட்டது.
பசைத்தழும்பு மட்டும் நாலு மூலையில்.

சுரண்டிப் பார்த்தேன், நகம்தான் உடைந்தது.
துடைப்பத்தை எடுத்துக்கொண்டு
எட்டாம் வரிசைக்குப் போனேன்.
போகும்போது
இடுப்பு தானாக ஒதுங்கியது.